மாற்றுத்திறனும் நாள்பட்ட நோயும்: சமூக சுகாதாரப் பணியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வகுப்பில் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து வெளியே வரும்போது ஓரமாக அழைத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாருடைய மருந்தையும் மாற்ற வேண்டாம்; அது மருத்துவர் வேலை.

1. மாற்றுத்திறனாளின்னா சக்கர நாற்காலியில இருக்கறவங்க, கண்ணு தெரியாதவங்க, அவ்வளவுதானே?

அவர்களோடு முடிவதில்லை. காது கேளாதவர், பேச்சு வராதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், தீவிர மனநோயோடு வாழ்பவர், பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர், மூட்டு தேய்ந்து படி ஏற முடியாமல் போன பாட்டி எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு குறைபாட்டோடு வாழ்கிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, உடலிலோ மனதிலோ உள்ள நீண்டகாலக் குறைபாட்டை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குறைபாடு சுற்றியுள்ள தடைகளோடு மோதும்போது ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறதே, அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. கால் வராதது குறைபாடு. மருந்து கொடுக்கும் அறை மாடியில் இருப்பது தடை. அந்த மாடியைக் கட்டியவர்கள் நாம்.

2. அப்ப சுகர், பிரஷர் இருக்கறவங்களும் மாற்றுத்திறனாளிங்களா?

நோய் இருப்பதாலேயே இல்லை. அந்த நோய் அன்றாட வேலைகளை நீண்ட காலத்துக்குக் கடினமாக்கினால் ஆம். சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர், மூச்சு வாங்கி பத்தடி நடக்க முடியாத நுரையீரல் நோயாளி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் படுத்திருப்பவர், யானைக்கால் வீக்கத்தோடு வாழ்பவர் ஆகியோருக்கு நோயும் குறைபாடும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும்.

சான்றிதழ், உதவித்தொகை என்று வரும்போது ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தனக்கென ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். அது அலுவலகக் கணக்கு. சுகாதாரப் பணிக்கு அந்தக் கோடு தேவையில்லை. அட்டை இல்லாதவருக்கும் படி ஏற முடியாதுதான்.

3. ஊனமுற்றவர்னு சொல்லலாமா, மாற்றுத்திறனாளின்னுதான் சொல்லணுமா?

எழுத்திலும் பொது இடத்திலும் "மாற்றுத்திறனாளி" என்றே சொல்லுங்கள். நேரில் பேசும்போது பெயரைச் சொல்லுங்கள். "அந்தச் சக்கர நாற்காலி கேஸை உள்ளே அனுப்பு" என்று கூப்பிடுகிற இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒன்றுதான். "செவிடு", "குருடு", "மெண்டல்" போன்றவை பதிவேட்டில்கூட வரக் கூடாது. இன்னும் வருகின்றன, நான் பார்த்திருக்கிறேன்.

4. அவங்களுக்கு ஏற்கெனவே உடம்பு முடியல. மத்த நோயும் சீக்கிரம் வரத்தானே செய்யும்?

நான் அதிகம் மல்லுக்கட்டும் கேள்வி இது. மேலே சொன்ன அதே அறிக்கை, மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறந்துபோகிறார்கள் என்கிறது. சர்க்கரை நோய், பக்கவாதம், மனச்சோர்வு, ஆஸ்துமா, உடல் பருமன், வாய் நோய்கள் ஆகியவை வரும் ஆபத்து அவர்களுக்கு இரு மடங்கு. இதில் உடலமைப்பின் பங்கு ஓரளவு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் குறைவு அதிகம் வரும். சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும்.

ஆனால் பெரும்பகுதி அப்படித் தானாக வருவதில்லை. வகுப்பில் ஒரு சின்ன சோதனை வைப்பேன். "உங்கள் பகுதியில் நடக்க முடியாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடைசி ரத்த அழுத்த அளவு என்ன?" அறை அமைதியாகிவிடும். அவருடைய முதுகு எக்ஸ்ரே, சான்றிதழ் எண், நாற்காலி வாங்கிய வருடம் எல்லாம் சொல்வார்கள். அழுத்தம் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகூட அவருக்குக் கிடைப்பதில்லை. "பாவம், அவருக்கு இருக்கிறதே அது ஒன்றுதான்" என்று விட்டுவிடுகிறோம். பாவம் பார்ப்பதும் ஒருவகை ஒதுக்கல்தான்.

5. சுகரால கால் போறது தெரியும். தலைகீழா, குறைபாட்டால சுகர் எப்படி வரும்?

பாதை இரண்டு பக்கமும் திறந்தது. சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொடும். கட்டுப்படாத அழுத்தம் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இது எல்லோருக்கும் தெரிந்த பக்கம்.

மறுபக்கத்தில், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் உடலில் தசை குறைந்து கொழுப்பு கூடும். சர்க்கரையை அதிகம் பயன்படுத்துவது தசைதான். வேலை கிடைக்காததால் வருமானம் இல்லை. மலிவாகக் கிடைப்பதைத்தான் சாப்பிட முடியும். தனிமை மனச்சோர்வைக் கொண்டுவரும். மனச்சோர்வு வந்தவர் மாத்திரையை மறப்பார். பரிசோதனைக்குப் போகாததால் நோய் முற்றிய பிறகுதான் தெரியும். எந்த மருத்துவப் புத்தகமும் இதை ஒரே நோய்க்காரணமாக எழுதாது. ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒரே கயிறாகத்தான் இருக்கும்.

6. எங்க பகுதியில அப்படி யாரும் இல்லையே. கணக்கெடுத்தோம், ஏழு பேர்தான் வந்தாங்க.

எப்படிக் கேட்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது. "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். தன்னை அப்படி நினைக்காதது இன்னொரு காரணம். காது மந்தமான தாத்தா தனக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைக்கிறார்.

வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டுப் புள்ளியியல் குழு ஆறு கேள்விகளை உருவாக்கி வைத்திருக்கிறது. கண்ணாடி போட்டும் பார்ப்பதில், கருவி வைத்தும் கேட்பதில், நடப்பதில் அல்லது படி ஏறுவதில், ஞாபகம் வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுத்துவது போன்றவற்றில், பிறரோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா என்று கேட்கும். பதில் நான்கு: சிரமமில்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. ஏதாவது ஒன்றில் "ரொம்ப" அல்லது "முடியவே முடியாது" என்றால் கணக்கில் சேர்ப்பது வழக்கம். "ஊனம்" என்ற சொல்லே இதில் வராது; அதுதான் இதன் சூட்சுமம்.

இதற்கும் எல்லை உண்டு. மனநலச் சிக்கல்களை இந்த ஆறு கேள்விகள் சரியாகப் பிடிக்காது. சின்னக் குழந்தைகளுக்கு வேறு கேள்வித்தொகுப்பு இருக்கிறது. யாருக்கு எந்தச் சேவை வேண்டும் என்பதையும் இது சொல்லாது. அதற்கு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

7. எங்க மையத்துல சாய்தளம் போட்டாச்சு. இன்னும் என்ன?

முதலில் அந்தச் சாய்தளத்தையே அளந்து பாருங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 45 சென்டிமீட்டர் உயர வாசல் என்றால் 5.4 மீட்டர். இரண்டு மீட்டரில் செங்குத்தாகப் போட்டுவிட்டு ஒலிம்பிக் வீரர் வந்தால்தான் ஏற முடியும் என்ற நிலையில் பல சாய்தளங்கள் இருக்கின்றன. மேலே கைப்பிடி இல்லை, ஓரத்தில் தடுப்பு இல்லை, கீழே வண்டி நிறுத்தியிருப்பார்கள்.

சாய்தளம் வாசல் வரைதான் கொண்டுவிடும். அதற்குப் பிறகு கழிப்பறைக் கதவு இருக்கிறது. உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும். பரிசோதனைக் கட்டில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஏற முடியாதவரை நாற்காலியிலேயே வைத்து "பார்த்தாச்சு" என்று எழுதிவிடுகிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். காது கேளாதவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முறை தவறிப்போய் வீட்டுக்குப் போகிறார். டோக்கன் எண்ணைப் பலகையில் எழுதுகிறோம். பார்வையற்றவருக்கு அது இல்லாததற்குச் சமம். கூப்பிடவும் வேண்டும், எழுதவும் வேண்டும். இதற்குச் சிமெண்ட் தேவையில்லை.

8. எடைக் கருவியில நிக்க முடியாதவங்களுக்கு எடை எப்படிப் பார்க்கறது? "பொருந்தாது"ன்னு எழுதிடறோம்.

எழுதாதீர்கள். சக்கர நாற்காலி ஏறும் அகலத் தட்டு உள்ள எடைக் கருவி அருகில் எங்காவது இருந்தால், ஆளோடு ஒருமுறை, காலி நாற்காலியோடு ஒருமுறை எடுத்துக் கழியுங்கள். நாற்காலியின் எடையை அவருடைய அட்டையிலேயே குறித்து வைத்தால் அடுத்தமுறை அவரை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. ஒல்லியானவர் என்றால், அவருக்குச் சம்மதமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால், வீட்டார் தூக்கிக்கொண்டு ஏறிப் பிறகு வீட்டார் எடையைக் கழிக்கலாம். வளர்ந்தவரிடம் இதைச் செய்யும் முன் திரையை இழுத்துவிடுங்கள். எட்டுப் பேர் பார்க்க ஒரு முப்பது வயதுக்காரரைக் குழந்தைபோல் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

எடை கிடைத்தாலும், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து ஒல்லியா பருமனா என்று சொல்லும் பி.எம்.ஐ. கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் என்பது உடல் எடையில் சுமார் 6 சதவீதம், முழுக்கால் சுமார் 16 சதவீதம். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் 60 கிலோ காட்டினால், கணக்குக்கு 60ஐ 0.94ஆல் வகுத்து ஏறக்குறைய 64 என்று எடுக்க வேண்டும். தண்டுவடக் காயம் பட்டவருக்குத் தசை கரைந்திருப்பதால் எண் "சரி" என்று சொன்னாலும் கொழுப்பு அதிகமிருக்கலாம். ஒரே ஆளின் எடை ஆறு மாதத்தில் எப்படி மாறுகிறது என்பதே அதிகம் சொல்லும்.

9. பிரஷர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே பார்க்கணும்?

140/90 என்ற எல்லை பொதுவானது. அளக்கும் விதத்தில் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த கையில் அளவு தப்பாக வரலாம். நல்ல கையில் பார்த்து, எந்தக் கை என்று எழுதுங்கள். கை இறுகி மடங்கியிருப்பவரிடம் இழுத்து நீட்டிக் கட்டினால் வலியிலேயே எண் ஏறும். படுத்தே இருப்பவர், நீண்டகாலச் சர்க்கரை நோயாளி, நடுக்குவாதம் உள்ளவர் ஆகியோரை எழுந்தபின் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அவர் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு என்று பொருள்; மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எல்லாக் களப்பணியாளரும் மனப்பாடம் செய்ய வேண்டும். தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு மேல் எண் வழக்கமாகவே 90 முதல் 110க்குள் இருக்கலாம். அவருக்கு 140 என்று வந்தால் அது எல்லைக்கோடு இல்லை, அவசரம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது கூடவே இருந்தால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர் வெளியேற வைத்திருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையோ மலச்சிக்கலோதான் தூண்டியிருக்கும்; ஆனால் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். அதனால் அவருடைய வழக்கமான அளவை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

10. நடக்காத காலுக்கு எதுக்குப் பாதப் பரிசோதனை?

கேட்டவர் நல்ல பணியாளர். கேள்வி மட்டும் தப்பு. நடக்காத காலில் செருப்பு கடிக்காது, சரி. ஆனால் நாற்காலியின் கால்மிதியில் உரசும், தூக்கி மாற்றும்போது இடிக்கும், சூடான பாத்திரத்தை மடியில் வைத்தால் சுடும். காலில் உணர்வு போயிருந்தால் எதுவும் அவருக்கு உறைக்காது. கூடவே சர்க்கரையும் இருந்தால் ரத்த ஓட்டமும் குறைவு. குதிகால், கணுக்கால், விரலிடுக்கு, நகத்தோரம் எல்லாம் பாருங்கள். தண்டுவடத்தில் மேலே அடிபட்டவருக்கு, நகம் சதைக்குள் வளர்ந்ததுகூட ஒன்பதாம் பதிலில் சொன்ன அழுத்த ஏற்றத்தைத் தூண்டிவிடும்.

அப்படியே உட்காரும் இடத்தையும் கேளுங்கள். நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பியோ, முன்னோ பக்கவாட்டிலோ சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். தோல் சிவந்து, அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கடினமும்தான் காட்டிக் கொடுக்கும்.

11. காது கேளாதவர்கிட்ட எழுதிக் காட்டினா போதாதா? இல்லன்னா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்களே?

சிலருக்குப் போதும். பிறவியிலேயே கேட்காத பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. நாம் எழுதும் மொழி இரண்டாம் மொழி. சைகை மொழிக்கு முழு இலக்கணம் உண்டு என்பதை 1960இலேயே வில்லியம் ஸ்டோகோ என்ற மொழியியலாளர் நிறுவிவிட்டார். கையசைவால் நாமே இட்டுக்கட்டும் ஜாடை அது இல்லை.

உதட்டசைவை நம்பாதீர்கள். கண்ணாடி முன் நின்று "மருந்து" என்று சொல்லுங்கள், பிறகு "பருந்து" என்று சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். முகக்கவசம் போட்டால் அதுவும் போச்சு. காது மந்தமானவரிடம் கத்திப் பேசினால் அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அவருடைய சர்க்கரை அளவு தெரிந்துவிடும்.

மொழிபெயர்க்க வீட்டுக் குழந்தையைப் பயன்படுத்தாதீர்கள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை எட்டு வயதுப் பெண் கையால் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. சைகை மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லாவிட்டாலும் காணொளி அழைப்பில் கிடைக்கலாம். எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

12. கண்ணு தெரியாதவர் மாத்திரை, இன்சுலின் எல்லாம் தானே எப்படிச் சமாளிப்பார்?

நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே. காலை மாத்திரைப் புட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு. இரண்டு மாத்திரையும் ஒரே அளவு அட்டையில் வந்தால் ஒன்றின் மூலையை வெட்டிவிடலாம். காலாவதி தேதி உள்ள மூலையை வெட்டாமல் இருந்தால் சரி. மருந்து நிறுவனம் மாறி அட்டை வடிவம் மாறும் மாதத்தில்தான் ஆபத்து. அன்று கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவை உரக்கச் சொல்லும் சர்க்கரைக் கருவிகள் உண்டு. இன்சுலின் பேனாவில் "டிக்" சத்தத்தை மட்டும் எண்ணிப் போடுவது பாதுகாப்பில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து ஒரு முறையை உறுதிசெய்ய வேண்டும்.

பிரெயிலில் அச்சடித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. சர்க்கரையால் ஐம்பது வயதில் பார்வை இழந்தவர் பிரெயில் படித்திருக்க மாட்டார். அதே சர்க்கரை விரல் நுனி உணர்வையும் மழுக்கியிருந்தால் இனிமேல் படிப்பதும் கடினம். அவருக்கு ஒரு குரல் பதிவு போதும்.

13. அறிவுசார் குறைபாடு இருக்கறவங்களுக்குப் புரியாது. அம்மாகிட்ட சொன்னா போதும்தானே?

அம்மாவிடமும் சொல்லுங்கள். ஆனால் முதலில் அவரைப் பார்த்துப் பேசுங்கள். சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், படம், உண்மையான ஊசியும் பஞ்சும் காட்டி விளக்குவது எல்லாம் வேலை செய்யும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். "இப்ப நான் என்ன செய்யப் போறேன், சொல்லுங்க" என்று கேளுங்கள். கையை நீட்டுவதும் ஒரு சம்மதம், இழுத்துக்கொள்வதும் ஒரு பதில்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. புதிதாக ஏதாவது மாறினால் "அது அவனோட குறைபாடுதான்" என்று மூடிவிடுவது. தலையில் அடித்துக்கொள்கிறார், சாப்பிட மறுக்கிறார், இரவில் கத்துகிறார் என்றால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தைராய்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேச முடியாதவரின் வலி நடத்தையாகத்தான் வெளியே வரும். மனநோய் உள்ளவர் "நெஞ்சு வலிக்குது" என்றாலும் இதே கதைதான். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுப் பதற்றம் என்று சொல்லுங்கள்.

14. கல்யாணமே ஆகாத மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எதுக்கு?

கேள்விக்குள்ளேயே இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன: அவருக்கு உடலுறவு வாழ்க்கை கிடையாது என்று ஒன்று, அவரை யாரும் எதுவும் செய்யவில்லை என்று இன்னொன்று. மாற்றுத்திறனாளிப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு அதிகம் ஆளாகிறார்கள். வெளியே சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான, உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. கிருமிக்குக் கல்யாணம் ஆனதா, சம்மதம் இருந்ததா என்பதெல்லாம் பொருட்டில்லை. 30 வயதிலிருந்து பொதுவாகப் பெண்களுக்குச் சொல்லும் பரிசோதனையை அவரிடமும் சொல்லுங்கள், தனியாக, வீட்டார் இல்லாதபோது.

கட்டிலில் ஏறிக் கால் விரிப்பது முடியாது என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியை அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்கிறது. அது கிடைக்கும் இடங்களில் இதைவிட நல்ல வழி இல்லை.

15. அவங்களை உடற்பயிற்சி செய்யச் சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

"தினமும் நடங்க" என்று சக்கர நாற்காலிக்காரரிடம் அச்சடித்த தாளை நீட்டினால் நிச்சயம் எடுத்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் மாற்றுத்திறனாளிப் பெரியவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் சொல்கிறது. முடிந்த அளவில் தொடங்கி ஏற்றுவது போதும். நாற்காலியைத் தானே தள்ளுவது, உட்கார்ந்தபடி கையை ஓங்கி வீசுவது, தண்ணீர்ப் புட்டியைத் தூக்குவது, பார்வையற்றவர் கயிற்றைப் பிடித்து ஓடுவது எல்லாம் கணக்கில் வரும். பல வருடம் நாற்காலி தள்ளியவருக்குத் தோள்வலி இருக்கும்; அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

16. இவ்வளவு எதுக்கு, நாங்களே வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்துடறோமே?

எழுந்திருக்கவே முடியாதவருக்கு அது உயிர். ஆனால் எல்லா மாற்றுத்திறனாளிகளையும் "வீட்டு கேஸ்" பட்டியலில் போட்டுவிட்டால் மையத்தைச் சரிசெய்யும் கட்டாயம் போய்விடும். வீட்டில் மாத்திரை கொடுக்கலாம், அழுத்தம் பார்க்கலாம். விழித்திரைப் படம், சிறுநீரகப் பரிசோதனை, பல் மருத்துவர் எல்லாம் வீட்டுக்கு வருவதில்லை. வீட்டில் தனியாகப் பேசவும் முடியாது. அடிக்கும் அண்ணன் பக்கத்தில்தான் நிற்பார். "வர முடியுமா, வர விருப்பமா, என்ன இருந்தால் வருவீர்கள்?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அங்கே போகும்போது பார்த்துக்கொள்பவரையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். இருபது வருடமாகத் தூக்கி இறக்கிய அம்மாவின் முதுகையும் அழுத்தத்தையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

17. மாற்றுத்திறனாளியையே சுகாதாரப் பணியாளரா எடுத்தா சரிவருமா?

எடுத்துப் பாருங்கள். ஆறாம் கேள்வியில் ஏழு பேர் என்று முடிந்த கணக்கை, காது கேளாத ஒருவர் தன் நண்பர்கள் வட்டத்திலேயே தாண்டிவிடுவார். "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் பழைய முழக்கம். ஆலோசனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் புகைப்படம் எடுப்பதோடு அது முடிவதில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் வர வேண்டும்.

18. பணமும் இல்ல, ஆளும் இல்ல. எதிலிருந்து தொடங்கறது?

பதிவேட்டிலிருந்து. நாள்பட்ட நோய்ப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: ஆறு கேள்விகளில் எதில் சிரமம், என்ன ஏற்பாடு வேண்டும். மாதக் கடைசியில் வராதவர்களின் பட்டியலை எடுங்கள். அதில் அந்தக் கட்டம் நிரம்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வந்தவர்களை எண்ணியே பழகிவிட்டோம். வராதவர்களை எண்ண ஆரம்பித்த மாதமே மையத்தில் எது கோளாறு என்று தெரியும். நான் சொல்ல நினைப்பது உண்மையில் இந்த ஒன்றுதான்.

அடுத்து, மருந்தை இரண்டு அல்லது மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க விதி இடம் தந்தால் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் போக்குவரத்தும் அதன் செலவும் மற்றவர்களைவிட 15 மடங்கு பெரிய தடை என்கிறது நான் முதலில் சொன்ன அறிக்கை. ஒரு பயணம் மிச்சமானால் அது பெரிய மிச்சம். கண், பாதம், ரத்தம் மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் இன்னும் நல்லது.

19. எல்லாம் செஞ்சோம், ஒரு வருஷமா யாருமே வரல. சாய்தளம் வீண்தானே?

யார் கேட்டாலும் நான் முதலில் அந்தச் சாய்தளத்தைப் போய்ப் பார்ப்பேன். ஒரு மையத்தில் அளவெல்லாம் சரியாக, கைப்பிடியோடு அழகாகக் கட்டியிருந்தார்கள். அது பக்கவாட்டு வாசலில் முடிந்தது. அந்த வாசல் பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி வருவது பத்து மணிக்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது எட்டு மணியோடு முடிந்துவிடும்.